மாணவர் வீடியோவுக்கு எந்த டிஸ்க்?

மாணவர்கள் எடுத்த வீடியோவை ஆளுக்கொரு பிரதியாகக் கொடுக்க வேண்டுமா? ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சாதாரண டிவிடி-ஆர் போதும். ப்ளூ-ரேயில் 25 ஜிபி இடம் உண்டுதான். ஆனால் டிஸ்க்கும் விலை அதிகம், அதை ஓட்டும் பிளேயரும் எல்லோரிடமும் இருக்காது. அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூ சோதனைக்கு மட்டும். பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது.

டிவிடி-ஆர் உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கணினியோ சுமார் 4.38 என்றே காட்டும். பயப்பட வேண்டாம், கணக்கிடும் முறைதான் வேறு. ஒரு மணி நேரப் படம் நல்ல தரத்தில் அடங்கும். இரண்டு மணி நேரமும் அடங்கும், தரம் கொஞ்சம் இறங்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: எம்பி4 கோப்பை அப்படியே இழுத்துப் போட்டு எழுதிவிடுவார்கள். கணினியில் ஓடும், டிவியோடு இணைத்த பழைய பிளேயரில் ஓடாது. 'டிவிடி-வீடியோ' என்ற வகையில் எழுதி, கடைசியில் 'ஃபைனலைஸ்' கொடுங்கள்; மற்ற பிளேயர்களும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்து வைப்பது அதுதான். நானும் ஒருமுறை அதை மறந்து பத்து டிஸ்க்கை வீணாக்கியவன்தான்.

அப்புறம், பெயர் எழுத டிஸ்க்குக்கான மார்க்கர் பேனா போதும். காகித ஸ்டிக்கர் ஒட்டினால் சுழலும்போது ஆட்டம் காணும்.