நெல்லாகவே கிடக்கட்டும், அரைக்காதீர்கள்

போன பங்குனியில் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணாச்சி, விவசாயிட்ட 20 மூட்டை அம்பை 16 நெல் வாங்கிட்டேன். தவிடு போகாம எல்லாத்தையும் அரைச்சாச்சு. பாளையங்கோட்டையில நேரா வீடுகளுக்குக் குடுக்கப் போறேன்." எனக்கு வயிறு கலங்கியது. ஏழு வருஷத்துக்கு முன் நான் செய்த அதே காரியம். விவசாயியிடம் வாங்கி நேரா வீடுகளுக்கு விற்கிறவர்கள் செய்யும் தப்புகளைத்தான் சொல்கிறேன்; எடை குறைக்காதே, கல் இல்லாமல் கொடு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

மொத்தமாக அரைப்பது

மில்லுக்கு இரண்டு மூட்டையோடு போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். 20 மூட்டை என்றால் கூலியும் குறையும். அந்த ஆசையில்தான் நானும் விழுந்தேன். உமி இருக்கும்வரை நெல் தாங்கும். உமியை நீக்கித் தவிட்டை விட்டுவைத்தால் தவிட்டிலுள்ள எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடும். பிசானம் என்கிற நெல் பருவத்தின் அறுப்பு முடிந்ததும் வருவது கத்திரி வெயில் வேறு. வைகாசியில் ஒரு அக்கா, "அரிசி சிக்கு வாடை அடிக்கு" என்றார். அடுத்த வாரம் வண்டு. பாதியை மாட்டுக்குப் போட்டேன். நெல் தந்த பெரியவருக்கு முழுப் பணமும் கொடுத்தேன். அவர்மேல் என்ன தப்பு? ஆனால் வாங்கியவர்கள் "இயற்கை விவசாயம்னா இப்படித்தான்" என்று பழியை அவர் வயல்மேல் போட்டார்களே, அது இன்னும் எரிகிறது.

ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காயவையுங்கள். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். அப்படிக் காய்ந்த நெல் அடுத்த பிசானம்வரை கிடக்கும். மாதம் ஒரு தடவை யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு அதற்கு மட்டும் அரையுங்கள். 75 கிலோ மூட்டைக்கு 50 கிலோவுக்குச் சற்று மேல் அரிசி தேறும். கூலி கூடத்தான் ஆகும், விலையில் சேருங்கள்.

புது அரிசி என்று சொல்லாமல் விற்பது

புது அரிசி சோறு குழையும். வாங்குகிறவர்களிடம் சொன்னால் தண்ணீரைக் குறைத்து வைப்பார்கள்.

விலையில் இரண்டு நாக்கு

மகாராஜ நகர் உழவர் சந்தைப் பலகையில் காய் விலை இறங்கினால் அதைக் காட்டி விவசாயிக்குக் கொடுப்பதைக் குறைப்பது, ஏறினால் "பேசினது பேசினதுதான்" என்பது. மூன்றாம் தடவை அவர் காய் உங்களுக்கு வராது, பாவூர்சத்திரம் மார்க்கெட் வண்டியில் ஏறிவிடும்.

வயல் காட்டக் கூட்டிப்போவது

அரிசி வாங்குகிறவர்களை நடவன்று கூட்டிப்போக வேண்டாம். இருபது பேர் செல்போனோடு வரப்பில் நின்றால் நடுகிற பெண்களுக்குக் கை ஓடாது. களத்தில் நெல் காயும்போது போங்கள். அவர்களும் கடித்துப் பார்க்கட்டும்.

அந்தத் தம்பியின் அரிசியைத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லி ஒரு மாதத்தில் தள்ளிவிட்டோம். எங்கள் வீட்டுக்கும் ஒரு சிப்பம் வந்தது. அந்த மாதம் முழுக்க இட்லியும் தோசையும்தான்.