மாணவர்களுக்கு மனநல உதவி: யாரிடம் போவது, எப்படிக் கேட்பது

பல்கலைக்கழகக் கவுன்சலிங் மையங்களில் கூட்டம் அலைமோதுவது தேர்வு நெருங்கும்போதுதான். அந்த நேரத்தில் பெயர் கொடுத்தால் முறை வருவதற்குள் தேர்வே முடிந்துவிடலாம். அதனால் செமஸ்டரின் முதல் பாதியிலேயே பதிந்து வைப்பது நல்லது. 'இன்னும் மோசமானால் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டால், மோசமான பிறகு ஃபோனை எடுத்துப் பேசவே தெம்பு இருக்காது.

எந்த அளவுக்கு வந்தால் போகலாம்? தூக்கமோ பசியோ கவனமோ இரண்டு வாரமாகக் கெட்டுக் கிடக்கிறது, அதனால் வகுப்பும் வேலையும் தவறுகின்றன என்றால் அதுவே போதும். நோய்க்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சந்தேகமாக இருந்தால் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 என்ற வினாப்பட்டியலை நிரப்பிப் பாருங்கள். 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நிபுணர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். பதற்றத்துக்கு இதேபோல ஜி.ஏ.டி-7 இருக்கிறது, 7 கேள்விகள், மொத்தம் 21. இந்த எண்களை வைத்து நோய் இதுதான் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் முதல் சந்திப்புக்குக் கையில் கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வரும்.

பி.எச்.கியூவின் 9-ஆவது கேள்வி, செத்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டாம், அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். எப்படி, எப்போது என்ற திட்டம்வரை மனசு போயிருந்தால் அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்கவே கூடாது. நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உங்கள் ஊர் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழைக்க வேண்டும். கூட இருக்கும் நண்பர் தனியே விட்டுப் போகாமல், அறையிலுள்ள மாத்திரைகளையும் ஆபத்தான பொருட்களையும் அப்புறப்படுத்த வேண்டும். 'தற்கொலை எண்ணம் வருதா?' என்று நேரடியாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

இனி, யாரிடம் போவது. கவுன்சலர் பேசிப் பேசிச் சிக்கலைப் பிரிக்க உதவுவார். படிப்பு, பிரிவுத் துயர், வீட்டுப் பிரச்சினை போன்றவற்றுக்கு அவரே போதும். உளவியல் பரிசோதனையும் சி.பி.டி. (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை) போன்ற முறையான சிகிச்சையும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டின் வேலை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். போன்ற மருத்துவப் படிப்பு முடித்தவர், மருந்து எழுதுபவர். சோர்வுதான் பெரிய தொல்லை என்றால் பொது மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை மூன்றுமே பார்வைக்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

மையத்துக்கு எழுதும்போது 'மனசு சரியில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். வரும் மின்னஞ்சல்களை அவசரத்தின்படி பிரிப்பவருக்கு அந்த வரியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்படி எழுதலாம்:

"வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு மாணவி. மூன்று வாரமாக விடியற்காலை 4 மணிக்குத்தான் தூக்கம் வருகிறது. இந்த மாதம் காலை வகுப்புகள் ஐந்து தவறிவிட்டன. கவுன்சலரைச் சந்திக்க வேண்டும். செவ்வாய், வியாழன் மதியம் 2 மணிக்கு மேல் வர முடியும். யாராவது ரத்து செய்தால் அந்த நேரத்தையும் எடுத்துக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் முன்னேற அதைவிட எளிய வழி இல்லை. பட்டியல் மிக நீளமாக இருந்தால் குழு அமர்வு உண்டா, உளவியல் துறையில் மேற்பார்வையோடு பயிற்சி சிகிச்சையாளர்கள் பார்க்கும் கிளினிக் உண்டா என்று கேளுங்கள்.

முதல் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம், அதில் முக்கால்வாசி கேள்வி கேட்பதிலேயே போய்விடும். மனசு லேசாகவில்லையே என்று அத்தோடு நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். சிகிச்சை அப்போது தொடங்கியே இருக்காது. எப்போது ஆரம்பித்தது, தூங்கும் நேரம், எடுக்கும் மருந்துகள், மது அல்லது போதைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நீங்களும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: மொத்தம் எத்தனை அமர்வு கிடைக்கும்? நான் சொல்வது துறைக்கோ வீட்டுக்கோ போகுமா? பொதுவாகப் போகாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள். தினமும் வரும் கோரிக்கைதான் அது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மருந்து தரப்பட்டால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மனச்சோர்வு மருந்தின் குமட்டலும் தலைவலியும் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுமையாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். பத்தாம் நாளில் பலர் நிறுத்திவிடுவது இதனால்தான். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம், கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. முன்பு எப்போதாவது பல நாள் சரியாகத் தூங்காமலேயே அபார உற்சாகத்தோடு திரிந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இருமுனைக் கோளாறு (அபார உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருக்குமானால் சாதாரண மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுப்பது நிலைமையை மோசமாக்கலாம்.

தேர்வுச் சலுகை, அட்டெண்டன்ஸ் விலக்கு போன்றவற்றுக்கான கடிதத்தைக் கவுன்சலரிடமோ மருத்துவரிடமோ கெடு தேதிக்கு முன்பே வாங்கிக் கொடுங்கள். தேர்வில் தோற்ற பிறகு பழைய தேதிக்குக் கடிதம் தரப் பெரும்பாலானோர் மறுத்துவிடுவார்கள். நோயின் பெயரைக் குறிப்பிடாமல் எழுத முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நீண்ட விடுமுறைக்கு முன் மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிவிடுங்கள். படிப்பு முடிந்தால் மையத்தின் சேவையும் முடிந்துவிடும் என்பதால், கடைசி செமஸ்டரிலேயே வெளியிலுள்ள ஒருவருக்குப் பரிந்துரையும் சிகிச்சைச் சுருக்கமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.