மெலிய வைக்கும் பொடியா? டப்பாவைத் திருப்பிப் பாருங்க

கல்யாண சீசன் வந்தாலே காரைக்குடியில "ஒரே மாசத்துல பத்து கிலோ" பொடியும் கூடவே வந்துருது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாங்க. முன்பக்கப் படத்தை விட்டுட்டுப் பின்பக்கத்தைப் படிச்சோம்.

14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கான்னு முதல்ல பாருங்க. 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியில அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். ஆனா ஒண்ணு, அது உணவுப் பொருள் விக்கிறதுக்கான உரிமம் மட்டும்தான். எடை குறையும்னு அரசாங்கம் கொடுத்த சான்று இல்லை. விக்கிறவங்க குழப்பி விடுறது இந்த இடத்துலதான்.

உடல் பருமனைக் குணமாக்கும்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதையே 1954ஆம் வருஷச் சட்டம் தடுக்குது. "மூலிகைதானே"ன்னும் இருந்துடாதீங்க. இதயத்துக்கு ஆபத்துன்னு 2011ல இந்தியாவுல தடை பண்ணின சிபுட்ரமின்ங்கிற எடை குறைப்பு மருந்து, பல நாடுகள்ல 'மூலிகை' மாத்திரைக்குள்ள கலந்து பிடிபட்டிருக்கு. படபடப்பு வந்தா நிறுத்திட்டு, டப்பாவோடயே டாக்டரைப் பாருங்க.

பில் கேட்டு வாங்குங்க. ஏமாந்தா நுகர்வோர் உதவி எண் 1915.

ஆச்சி டப்பாவுல இருந்தது 12 இலக்கம்தான். ரெண்டு தடவை எண்ணிப் பாத்துட்டு, "சரி, பணியாரத்துல ரெண்டைக் குறைச்சுக்கிறேன்"னாங்க.