நாள் முழுக்க ஓடும் வீட்டுக்கு ஒரு நாய்: காப்பகத்திலிருந்து வளர்ந்த நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள், எங்களால் நாய் வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். முடியும், ஆனால் குட்டி வேண்டாம். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது, ராத்திரியிலும் எழுப்பும், கையில் கிடைத்த செருப்பு, நாற்காலிக் கால், பிள்ளைகளின் கணுக்கால் எல்லாவற்றையும் கடிக்கும். அதோடு குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம் வரைக்கும் மனிதர், சத்தம், வாகனம், மற்ற நாய்கள் என்று உலகத்தைப் பழக்கியாக வேண்டும். அந்த நேரம் போனால் திரும்ப வராது. அதற்கு ஒருவர் முழுநேரமும் வீட்டில் இருக்க வேண்டும்.

வளர்ந்த நாய் அப்படி இல்லை. ஆரோக்கியமாக இருந்தால் ஆறு மணி நேரம் தாங்கும், ஒரு நாளில் பன்னிரண்டிலிருந்து பதினான்கு மணி நேரம் வரை தூங்கிவிடும். இன்னும் எவ்வளவு உயரம் வளருமோ, என்ன குணம் வருமோ என்ற யோசனையே வேண்டாம், எல்லாம் கண்முன்னே இருக்கிறது. ஆனால் காப்பகத்தில் போய் நிற்கும்போது நாம் அதைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்க்கிறோம், மயங்கிவிடுகிறோம். அதனால் போவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் உங்கள் புதன்கிழமையை எழுதுங்கள்

ஞாயிற்றுக்கிழமையை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லா வீட்டிலும் நாய்க்கு நேரம் இருக்கும். ஒரு சாதாரணப் புதன்கிழமையை எடுத்து, காலை எழுவதிலிருந்து படுக்கும் வரை மணிவாரியாக எழுதுங்கள். காலையில் நாயை வெளியே கூட்டிப்போவது யார், வீடு பூட்டியிருக்கும் நேரம் எவ்வளவு, மாலையில் முதலில் வருபவர் யார், மழை பெய்தால் யார், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெரியவரின் பெயர் இருக்க வேண்டும். "நானே பார்த்துக்கிறேன்" என்று பிள்ளைகள் மனதாரத்தான் சொல்வார்கள், ஆனாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மூன்றாவது வாரம் தேர்வு வந்துவிடும்.

வீடு தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் பூட்டியிருந்தால் நடுவில் ஒருவர் வந்து நாயை வெளியே விட்டே ஆக வேண்டும். அந்த ஆள் யார் என்று தெரிந்த பிறகு நாய் தேடுங்கள். இந்தக் காகிதத்தைக் காப்பகத்துக்கே எடுத்துக்கொண்டு போகலாம். அங்கே வேலை செய்பவர்களிடம் "எங்களுக்கு நல்ல நாய் வேண்டும்" என்று சொல்வதைவிட, "ஐந்து மணி நேரம் தனியாக இருக்கும், காலையில் அரை மணி, மாலையில் முக்கால் மணி நடை, எட்டு வயதுப் பையன் இருக்கிறான்" என்று சொன்னால் அவர்களே நேராக இரண்டு கூண்டுகளைக் காட்டுவார்கள்.

எந்த வயது, எந்த இனம்

என்னைக் கேட்டால் மூன்றிலிருந்து ஏழு வயது. எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைக்கும் நாய்க்கு விடலைப் பருவம். உடம்பு பெரிசு, கட்டுப்பாடு கொஞ்சம். முழு மனமுதிர்ச்சி ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள்தான் வருகிறது, பெரிய உடம்புக்கார நாய்களுக்கு இன்னும் தாமதம். இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் நாயை "வளர்ந்த நாய்" என்று கொடுத்தால், குணம் இன்னும் மாறும் என்று தெரிந்தே வாங்குங்கள். எட்டு வயது தாண்டிய நாய்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, அது எனக்கு வருத்தம்தான். மூட்டு, பல், இதயம் என்று வைத்தியச் செலவு கூடும், அதற்குத் தயாராக இருந்தால் பரபரப்பான வீட்டுக்கு அதைவிட அமைதியான துணை கிடைக்காது.

இனப்பெயரை ரொம்ப நம்பாதீர்கள். காப்பகத்து அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் பார்வைக்குப் போட்ட கணக்கு, கலப்பு நாய்களில் அது அடிக்கடி தப்பாகிறது. இனம் சரியாகவே தெரிந்தாலும் அது சொல்வது கொஞ்சம்தான். 2022-இல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையே நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது என்று சொன்னது. அதற்காக வேலைக்கென்றே வளர்த்த பார்டர் கோலி, பெல்ஜியன் மாலினாய்ஸ், ஹஸ்கி மாதிரி நாய்களை, தினமும் ஒரு மணி நேரம்கூட ஒதுக்க முடியாத வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மற்றபடி எதிரே நிற்கும் அந்த ஒரு நாயைப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது

பிஸியான வீட்டுக்கு முக்கியமான குணம் பாசமோ புத்திசாலித்தனமோ இல்லை, அடங்கும் வேகம். ஒரு நாய் எவ்வளவு துள்ளுகிறது என்பது பெரிய விஷயமில்லை, துள்ளிய பிறகு எவ்வளவு சீக்கிரம் தானாக அமைதியாகிறது என்பதைப் பாருங்கள். உங்கள் வீட்டில் தினமும் கதவு தட்டப்படும், பாத்திரம் விழும், பிள்ளைகள் சண்டை போடுவார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் படபடக்கும் நாய் அந்த வீட்டில் நிம்மதியாக வாழ முடியாது.

இதைக் கூண்டுக்கு வெளியே நின்று கண்டுபிடிக்க முடியாது. இருபது நாய்கள் ஒன்றாகக் குரைக்கும் இடத்தில் நல்ல நாயும் கம்பியில் பாயும், நல்ல நாயும் மூலையில் சுருண்டு கிடக்கும். வெளியே கூட்டிவரச் சொல்லுங்கள். முதல் பதினைந்து நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள், அது மோப்பம் பிடிக்கட்டும், சிறுநீர் கழிக்கட்டும், உங்களை மறந்தே போகட்டும். அப்புறம் ஒரு இடத்தில் உட்காருங்கள். தானாக ஒரு முறையாவது உங்கள் பக்கம் வந்து பார்க்கிறதா? அது நல்ல அறிகுறி. அடுத்து ஒரு பொம்மையை வைத்து ஒரு நிமிடம் விளையாடிவிட்டு, சட்டென்று நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வேறு பக்கம் திரும்பி மண்ணை முகர ஆரம்பித்தாலோ படுத்தாலோ மிகவும் சரி. பத்து நிமிடம் ஆகியும் மேலே பாய்ந்து, சட்டையைக் கவ்வி, குரைத்துக்கொண்டே இருந்தால் அந்த நாய்க்கு நிறைய நேரம் உள்ளவர் தேவை. கொஞ்ச தூரத்தில் சாவிக்கொத்தைக் கீழே போட்டும் பாருங்கள். திடுக்கிடுவதில் தப்பில்லை, திடுக்கிட்ட பிறகு அது என்னவென்று வந்து முகர்கிறதா, இல்லை உங்கள் பக்கமே வர மறுக்கிறதா என்பதுதான் கேள்வி.

தொடுவதற்கு எளிய வழி: கழுத்தோரமாகவோ மார்பிலோ மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் நெருங்கி வரும், சாயும். வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், விலகும். வாலாட்டினால் சிநேகம் என்று முடிவு கட்டாதீர்கள். விறைத்த உடம்போடு உயர்த்திய வால் வேகமாக ஆடினால் அது பதற்றம். உடம்பு முழுக்கத் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது தட்டில் கைவிட்டுச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். அது ஆபத்து, காப்பகத்துப் பதற்றத்தில் அதற்குக் கிடைக்கும் பதில் வீட்டு நடத்தையைச் சொல்வதும் இல்லை.

அசையாத நாய் சாதுவான நாய் என்று நினைத்து நாங்களே ஏமாறப் பார்த்தோம். பழுப்பு நிறம், தொங்கிய காது, என் மகள் கழுத்தைக் கட்டிப்பிடித்தபோது சிலை மாதிரி உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பொறுமை பாருங்கள் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அங்கே வேலை செய்த பெண் மெதுவாக மகளின் கையை விலக்கிவிட்டு, "அதன் வாயைப் பாருங்கள்" என்றார். வாய் இறுக மூடியிருந்தது. கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரித் தெரிந்தது. மூச்சுகூட விடவில்லை போல் இருந்தது. பயந்து உறைந்துபோன நாயை நான் பொறுமைசாலி என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் குழந்தைகளை நாய் கடிப்பது பெரும்பாலும் வீட்டுக்குள்ளே, பழகிய நாயால்தான் நடக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தக் கண் ஞாபகம் வரும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பக்கவாட்டில் உட்காரச் சொல்லுங்கள், கட்டிப்பிடிக்க விடாதீர்கள், நாய் தானாக வரட்டும். வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் அடுத்த நாய்.

ஒரே சந்திப்பில் முடிவு செய்யவும் வேண்டாம். வேறொரு நாள், வேறொரு நேரத்தில், வீட்டில் உள்ள எல்லோரும் போங்கள். ஏற்கெனவே நாய் இருந்தால் அதையும் கூட்டிப்போய், பொதுவான இடத்தில் இடைவெளி விட்டு இரண்டையும் இணையாக நடக்க வைத்துப் பாருங்கள்.

கேட்க வேண்டியவை

"எப்படிப்பட்ட நாய்?" என்று கேட்டால் "தங்கமான நாய்" என்று பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நடந்ததைக் கேளுங்கள். எப்படி வந்தது, எத்தனை நாளாக இருக்கிறது, யாராவது கொண்டுபோய்த் திருப்பி விட்டார்களா, எதற்காக? திருப்பி விடப்பட்டது என்றதும் ஒதுக்கிவிடாதீர்கள், பல நேரம் தப்பு அந்த வீட்டுக் கணக்கில் இருக்கும். எப்போதாவது கடித்திருக்கிறதா, யாரை, என்ன நடந்துகொண்டிருந்தபோது, தோல் கிழிந்ததா? எந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்திருக்கிறது? பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறது?

எல்லாவற்றையும்விட அழுத்திக் கேட்க வேண்டியது, தனியாக விட்டால் என்ன செய்கிறது என்பதுதான். சலிப்பில் தலையணையைக் கிழிப்பது வேறு, தனிமை பயம் வேறு. இந்தப் பயம் உள்ள நாய் நீங்கள் கிளம்பிய முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஓலமிடும், கதவை நகம் பிய்யச் சுரண்டும், எச்சில் ஒழுகும், நல்ல பழக்கம் உள்ள நாயாக இருந்தாலும் தரையில் சிறுநீர் போகும். சரிசெய்யலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், அந்தக் காலம் முழுக்கத் தாங்கும் நேரத்தைத் தாண்டித் தனியாக விடாமல் இருக்க வேண்டும். தினமும் வீடு பூட்டப்படும் குடும்பம் அந்த நாயை எடுப்பது நாய்க்குத்தான் கொடுமை. துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், அது ஏங்குவது மனிதருக்காக. தற்காலிகமாக ஒரு வீட்டில் வளரும் நாயாக இருந்தால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும், அவர்களை ஒரு மணி நேரம் வெளியே போய் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதனால்தான் வீட்டில் வளர்க்கப்படும் நாயைக் கூண்டு நாயைவிட முன்னால் பார்க்கச் சொல்வேன். சோதனையாக இரண்டு வாரம் வைத்துப் பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள், பல இடங்களில் விடுகிறார்கள்.

உடம்பைப் பொறுத்தவரை ரேபிஸ் (வெறிநோய்), டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய தொற்றுநோய்களுக்கான தடுப்பூசி அட்டை, கருத்தடை செய்த விவரம், இதயப்புழு சோதனை, உண்ணி மூலம் வரும் காய்ச்சல்களுக்கான ரத்தப் பரிசோதனை இவற்றைக் கேட்டு வாங்குங்கள். இதயப்புழு இருந்தால் சிகிச்சை சில மாதம் நீளும், அதுவரை ஓட விடக் கூடாது. முதல் வாரத்துக்குள் உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தால், அதன் பதினைந்து இலக்க எண்ணுக்கான பதிவை உங்கள் பெயருக்கும் செல்போன் எண்ணுக்கும் மாற்றுங்கள், இதை மறக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மூன்று நான்கு நாள் விடுப்பு சேர்ந்தாற்போல் கிடைக்கும் நேரத்தில் கூட்டிவாருங்கள். ஆனால் அந்த நாட்கள் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு ஐந்தாம் நாள் காலையில் மொத்தமாகக் காணாமல் போகாதீர்கள். இரண்டாம் நாளிலிருந்தே குப்பை போடுகிற சாக்கில் ஒரு நிமிடம், அப்புறம் ஐந்து நிமிடம், பதினைந்து, அரை மணி என்று வெளியே போய் வாருங்கள், போகும்போதும் வரும்போதும் பெரிய விடைபெறல் எதுவும் வேண்டாம். முதல் சில வாரம் கழுத்துப்பட்டைக்கு ஒன்று, ஹார்னெஸுக்கு (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) ஒன்று என்று இரண்டு கயிறு போடுங்கள். புது நாய் ஓடிப்போவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான், கதவு திறந்த ஒரு நொடியில். காப்பகத்தில் சாப்பிட்டதையே கொடுத்து ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உறவினர்களை அப்புறம் அழைக்கலாம்.

மூன்று நாள் படபடப்பு, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் வீட்டு நாய் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். துல்லியமான விதி இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. கடைசியில் நாங்கள் கூட்டிவந்தது ஐந்து வயதுப் பெண் நாய், யாருமே பார்க்காத கூண்டில் இருந்தது. வெளியே விட்டதும் இருபது நிமிடம் எங்களைக் கண்டுகொள்ளாமல் புல்லை முகர்ந்துவிட்டு, அப்புறம் வந்து என் ஷூ மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. வீட்டில் முதல் பதினோரு நாள் குரைக்கவே இல்லை, ஊமையோ என்று நினைத்தோம். பன்னிரண்டாம் நாள் காலிங் பெல் அடித்ததும் குரைத்த குரைப்பில் மகன் தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டான். இரண்டு நிமிடத்தில் அதே நாய் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

இவ்வளவு பார்த்தும் ஒத்துவராமல் போகலாம். பிள்ளையைப் பார்த்து உறுமினாலோ, தனியாக இருக்கவே முடியாமல் தவித்தாலோ, தள்ளிப்போடாமல் அந்த வாரமே காப்பகத்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள், பாதி விஷயம் அவர்கள் சொல்லும் சின்ன மாற்றத்திலேயே சரியாகிவிடும். திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் "ஒத்துவரவில்லை" என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது, என்ன செய்தது என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். அடுத்து அந்தக் கூண்டுக்கு முன்னால் வந்து நிற்கும் குடும்பம் கேட்கப்போவது அதைத்தான்.