கருவின் அட்ரீனலில் ரத்தக் கசிவு: ஸ்கேன் அறையில் நான் பார்க்கும் முறை

33 வாரக் கர்ப்பிணி, குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க வந்திருந்தார். குழந்தையின் வலது சிறுநீரகத்துக்கு மேலே, அட்ரீனல் என்னும் ஹார்மோன் சுரப்பி இருக்கும் இடத்தில், மூன்று சென்டிமீட்டர் அளவில் ஏதோ தெரிந்தது. அளவுகளை உதவியாளரிடம் சொல்லும்போது "கட்டி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதன்பின், ஒன்றை முதன்முதலில் பார்க்கும் நாளில் அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை. இந்தத் துறைக்கு வரும் இளம் மருத்துவர்களும் சொல்ல வேண்டாம்.

முதலில் இடத்தை உறுதிசெய்யுங்கள். கருவின் அட்ரீனல் அதன் உடலளவுக்குப் பெரியது. கருத்த புறணிக்கு (வெளி அடுக்குக்கு) நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓட, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும். மறுபக்கத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள். சிறுநீரகம் முழு வடிவத்தோடு கீழே தள்ளப்பட்டிருக்கிறதா, இல்லை அதிலிருந்தே இது முளைக்கிறதா? இதே பக்கத்தில் இயல்பான அட்ரீனல் தனியாகத் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது வேறொன்று. இடப்பக்கமாக இருந்து, ஐந்தாறு மாதத்திலேயே தெரிந்திருந்தால், பெருநாடியிலிருந்து அதற்கு நேராக ஒரு ரத்தக்குழாய் போகிறதா என்று தேடுங்கள். அது உதரவிதானத்துக்குக் கீழே தங்கிவிட்ட நுரையீரல் திசுவாக இருக்கலாம். ரத்தக் கசிவு பெரும்பாலும் வலப்பக்கம்தான் வரும். அந்தப் பக்கச் சிரை மிகக் குட்டையானது. கீழ்ப்பெருஞ்சிரையில் நேரே சேர்வதால், அங்கே ஏறும் அழுத்தம் சுரப்பியை உடனே தாக்கும்.

அடுத்தது, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் நிற டாப்ளர். இதில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். கருவியின் வேக அளவை உயர்த்தியே வைத்துக்கொண்டு "உள்ளே ரத்த ஓட்டம் இல்லை" என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அது பெரிதாகியிருந்தது. அளவைக் குறைத்ததும் உள்ளே குழாய்கள் ஒளிர்ந்தன. அது நியூரோபிளாஸ்டோமா, அதாவது இளம் நரம்புச் செல்களில் தோன்றும் புற்றுக்கட்டி, என்று பிறகு உறுதியானது. எனவே வேக அளவையும், மெல்லிய ஓட்டத்தை நீக்கிவிடும் வடிப்பானையும் தாழ்த்தி, குழந்தை அசையாத நேரத்தில் பாருங்கள். உறைந்த ரத்தத்துக்குள் ஓட்டம் இருக்காது. ஆனால் நீர்ப்பை போன்ற நியூரோபிளாஸ்டோமாவிலும் ஓட்டம் அதிகம் தெரியாமல் போகலாம். ஓட்டம் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

நான் நம்புவது காலத்தைத்தான். புதிய ரத்தம் வெளுப்பாக, திடப்பொருள் போலவே தெரிந்து ஏமாற்றும். நாட்கள் போகப்போக நடுவிலிருந்து கரைந்து கறுக்கும், பிறகு சுருங்கும், கடைசியில் சுண்ணாம்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சலாம். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே தளத்தில், மூன்று பக்கமும் அளந்து படத்தைச் சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் கல்லீரலில் புள்ளிகள் உண்டா, உடலில் நீர் கோத்திருக்கிறதா, மறுபக்க அட்ரீனல் நலமா என்று பாருங்கள். மூளையின் நடுத்தமனியில் ரத்தம் ஓடும் உச்ச வேகம் அந்த வாரத்துக்குரிய நடுமதிப்பைப் போல 1.5 மடங்கைத் தாண்டினால் ரத்தசோகையைச் சந்தேகிக்க வேண்டும்.

இரு பக்கமும் கசிந்திருந்தால் பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் நேரில் பேசுங்கள். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை, சோடியம், அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு பக்கம்தான் என்றாலும் பிறந்தபின் ஸ்கேன் அவசியம். சந்தேகம் தீராவிட்டால் நியூரோபிளாஸ்டோமா சுரக்கக்கூடிய, அட்ரினலின் வகைப் பொருள்களான கேட்டகோலமைன்களின் கழிவுகளையும் சிறுநீரில் சோதிப்பார்கள்.

தாயிடம் எதையும் மறைக்காதீர்கள். "ரத்தம் கசிந்து தேங்கியதுபோலத் தெரிகிறது. அபூர்வமாக வேறொன்றாகவும் இருக்கலாம். இரண்டு வாரத்தில் மறுபடி பார்த்தால் தெளிவாகும்" என்று அந்த 33 வாரக் கர்ப்பிணியிடம் அன்று உட்கார்ந்து சொன்னேன். 35 வாரத்தில் நடுப்பகுதி கறுத்திருந்தது. 37-இல் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே வந்தது. பிறந்து ஆறு வாரம் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். இருந்த இடத்தில் ஒரு சிறிய வெள்ளைப் புள்ளியைக் காட்டினேன்.