மெட்ரோ பயணிகள் எண்ணிக்கை, மக்கள்தொகை அடர்த்தி: நகரங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 நவம்பர் 18 அன்று டெல்லி மெட்ரோவில் பதிவான பயணங்கள் 78.67 லட்சம். அந்த ஆண்டு முழுவதும் சென்னை மெட்ரோவில் பயணித்தவர்கள் 10.52 கோடி, அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.9 லட்சம். ஒன்றை மற்றதால் வகுத்து "டெல்லி 27 மடங்கு" என்று எழுதிவிடலாம், ஆனால் அந்தக் கணக்கு நிற்காது. முதல் எண் உச்ச நாளுடையது, இரண்டாவது ஆண்டுச் சராசரி. அதைவிடப் பெரிய சிக்கல், டெல்லியில் ஒருவர் எத்தனை வழித்தடங்களில் ஏறுகிறாரோ அத்தனை பயணம் என்பதுதான் கணக்கு. லட்சுமி நகரில் நீலத் தடத்தில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறி, சாகேத்தில் இறங்குபவர் இரண்டு பயணம். சென்னையில் பயண அட்டை, க்யூஆர் டிக்கெட் என்று டிக்கெட் வாரியாக எண்ணுகிறார்கள். ஆலந்தூரில் தடம் மாறினால் எண்ணிக்கை கூடுவதில்லை.

இது டெல்லிக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. சீன நகரங்கள் சொல்லும் மொத்தப் பயணங்களிலும் தட மாற்றங்கள் அடக்கம். அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் நிலைய நுழைவு எண்ணையும், அதாவது நிலையத்துக்குள் நுழைந்தவர்களின் எண்ணிக்கையையும், தனியே தருகிறது. நாடு முழுவதற்கும் அது மொத்தத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஒப்பிட எடுக்க வேண்டியது அந்த நுழைவு எண். "அப்படியானால் எல்லா நகரத்தையும் 0.6 ஆல் பெருக்கிவிடலாமே" என்றால், கூடாது. இரண்டே தடங்கள் உள்ள ஊரில் தடம் மாறுபவர்கள் குறைவு, இருபது தடங்கள் உள்ள ஊரில் அதிகம். ஜப்பானில் இன்னொரு வகைக் குழப்பம். ஜேஆர் கிழக்கு என்னும் ரயில் நிறுவனம் நிலையவாரியாக ஏறுபவர்களை மட்டும் வெளியிடுகிறது, மற்ற தனியார் ரயில் நிறுவனங்களோ ஏறுபவர், இறங்குபவர் இருவரையும் கூட்டிச் சொல்கின்றன. டோக்கியோவின் ஷிஞ்ஜுகு நிலையத்தில் 2019 நிதியாண்டின் ஜேஆர் எண் நாளொன்றுக்கு சுமார் 7.75 லட்சம். அதை இரட்டிப்பாக்காமல் மற்ற நிறுவனங்களின் எண்ணோடு கூட்டக்கூடாது.

வார நாள் சராசரியை 365 ஆல் பெருக்குவதும் அடிக்கடி நடக்கிறது. நியூயார்க் சப்வேயில் 2019-இன் வார நாள் சராசரி சுமார் 55 லட்சம். பெருக்கினால் 200 கோடி வரும், உண்மையான ஆண்டு மொத்தமோ 169.8 கோடி. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் கூட்டம் குறைவு என்பதால் வரும் வித்தியாசம் இது.

அடர்த்தி என்னும் பள்ளம்

பயணிகள் எண்ணில் வரும் பிழையைக் கொஞ்சம் தேடினால் பிடித்துவிடலாம். அடர்த்தியில் வரும் பிழை அப்படிச் சிக்காது, ஏனென்றால் மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்ததில் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. சந்தேகப்பட வேண்டியது பரப்பைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அதே ஆண்டு மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது, அந்த எல்லைக்குள் எண்ணினால் சுமார் 15,500. ஒரு வீடுகூட இடம் மாறவில்லை, கோடு மட்டுமே மாறியது. ஹாங்காங்கை எடுத்தால் 75 லட்சம் பேர், ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர், ஆக 6,700தான் வருகிறது. சென்னையைவிடக் காலியான ஊர் என்று அந்த எண் சொல்லும்! அந்நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட மலையும் காடும் என்பதை அது சொல்லாது.

நகர்ப்புற எல்லையைச் சரியாக எடுத்தாலும் போதாது என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 2010 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் நகர்ப்புறப் பகுதியின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு சுமார் 2,700, நியூயார்க்குக்கு 2,050. ரயிலில் அதிகம் பயணிப்பதோ நியூயார்க்வாசிகள். இதைப் பார்த்து "அடர்த்திக்கும் ரயிலுக்கும் தொடர்பே இல்லை" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. நியூயார்க்கின் பரந்த புறநகர்கள் சராசரியைக் கீழே இழுக்கின்றன, அவ்வளவுதான். மக்கள் எடையிட்ட அடர்த்தியைக் கணக்கிட்டால் படம் தலைகீழாகும்.

முறை எளிது. ஓர் ஊரில் ஒரு சதுர கிலோமீட்டரில் 30,000 பேரும், மீதி ஒன்பதிலும் சேர்த்து 10,000 பேரும் இருப்பதாகக் கொள்வோம். சாதாரண அடர்த்தி 4,000. ஒவ்வொரு பகுதியின் அடர்த்தியையும் அங்குள்ள மக்கள் எண்ணால் பெருக்கிக் கூட்டி, மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் சுமார் 22,800. சராசரி ஆள் வாழும் சூழலைக் காட்டுவது இந்த இரண்டாவது எண். இம்முறையில் 2010-இல் நியூயார்க் பெருநகரப் பகுதி ஏறத்தாழ 12,000, லாஸ் ஏஞ்சலஸ் 4,700.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பகுதி சிறிதாக ஆக, இந்த எண் பொதுவாக ஏறும். அமெரிக்காவில் கணக்கெடுப்புக்காக வகுத்த சிறு பகுதி ஒன்றில் சராசரியாக 4,000 பேர். சென்னை மாநகராட்சி வார்டில் முப்பதாயிரத்துக்கு மேல். இரண்டையும் நேரே வைத்தால் சென்னைக்கு அநியாயம். இரு ஊர்களுக்கும் ஒரே அளவுள்ள, ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்த மக்கள்தொகைத் தரவை எடுங்கள். ஐரோப்பிய ஆணையம் உலகம் முழுவதற்கும் அப்படி ஒன்றை இலவசமாகத் தருகிறது. இந்திய ஊர்களுக்கு அதன் அடித்தளமும் 2011 கணக்கெடுப்புதான் என்பதை உங்கள் ஒப்பீட்டு அட்டவணையின் கீழ் எழுதிவிடுங்கள்.

நிலையத்தைச் சுற்றி வட்டம் போடும்போது

ஊர் முழுவதன் அடர்த்தியைவிட, நிலையத்திலிருந்து 800 மீட்டருக்குள் எத்தனை பேர் என்பது பயனுள்ள கேள்வி. ஆனால் நிலையங்கள் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால் பக்கத்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொன்றும் 2 சதுர கிலோமீட்டர், அதில் அரை சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல் அடுத்த வட்டத்துக்கும் சொந்தம். தனித்தனியாக எண்ணிக் கூட்டினால் மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வரும். வட்டங்களை ஒன்றாக இணைத்த பிறகே எண்ண வேண்டும். நடுவே ஆறோ ரயில்வே யார்டோ இருந்தால் வட்டமே பொய். நடைபாதை வழியாக அளந்த தூரம்தான் கணக்கு.

குடியிருப்பவர்களை மட்டும் எண்ணினால் லண்டனின் 'பேங்க்' மெட்ரோ நிலையத்தில் ஏன் அவ்வளவு கூட்டம் என்பது புரியாது. அது இருக்கும் சிட்டி ஆஃப் லண்டனில் வசிப்பவர்கள் சுமார் 8,600 பேர், வேலைக்கு வருபவர்கள் 6 லட்சத்துக்கு மேல். வேலைவாய்ப்பு எண்ணிக்கைக்குத் தனி நெடுவரிசை வேண்டும்.

இனி, எந்த ரயிலைச் சேர்ப்பது? மும்பையில் மெட்ரோவை மட்டும் எடுத்தால், கொரோனாவுக்கு முன் நாளொன்றுக்கு சுமார் 75 லட்சம் பேரைச் சுமந்த புறநகர் ரயில் விடுபடும். சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலும் வேளச்சேரி பறக்கும் ரயிலும் விடுபடும். சேர்க்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: சீசன் டிக்கெட்காரர்கள் ஒவ்வொரு முறை ஏறும்போதும் எண்ணப்படுவதில்லை. மாதத்துக்கு இத்தனை பயணம் என்ற அனுமானத்தில்தான் அவர்கள் கணக்கில் சேர்கிறார்கள். எனவே மெட்ரோவின் நுழைவு எண்ணோடு கலக்காமல் தனி வரியில் காட்டுவதே சரி.