ஒரே பந்தை இரண்டு அம்பயரும் பார்த்துக்கொண்டிருந்தால்

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு நான்கு அம்பயர்கள்; 1952 முதல் அப்படித்தான். சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் ஆறு பேர் நிற்பார்கள். ஆனால் அமெரிக்கப் பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் பெரும்பாலும் இரண்டே பேர்தான். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் முகமூடியோடு ஒருவர் (பிளேட் அம்பயர்), ரன்னர்கள் தொட்டு ஓடும் மூன்று பேஸ்களைக் கவனிக்க இன்னொருவர் (பேஸ் அம்பயர்). ரன்னர்கள் மூன்று பேர்கூட இருக்கலாம், பந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். இந்த நிலைமையில் தீர்ப்பு சொதப்பினால் கண்ணைக் குறை சொல்வது வழக்கம். என்னைக் கேட்டால், வாயைத்தான் குறை சொல்ல வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கிவிட்டு, "வழக்கம்போல பாத்துக்கலாம்" என்று இறங்குவதிலேயே தவறு ஆரம்பிக்கிறது. இருவருடைய வழக்கமும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பேசிவிட வேண்டும்.

நிற்கும் இடம் மாறினால் பொறுப்பும் மாறும். இதை மறப்பவர்கள் அதிகம். பேஸ்களில் யாரும் இல்லாதபோது பேஸ் அம்பயர் முதல் பேஸ்மேனுக்குப் பின்னால், ஹோமிலிருந்து முதல் பேஸ் வழியாகப் போகும் வலது ஃபவுல் கோட்டுக்கு வெளியே நிற்பார். அப்போது வலது கோட்டில் முதல் பேஸைத் தாண்டி விழும் பந்து ஃபேரா (கோட்டுக்குள்) ஃபவுலா (வெளியே) என்பது அவருடைய தீர்ப்பு. ரன்னர் ஏறியதும் அவர் உள்ளே, பிட்சர் பந்து வீசும் மேட்டுக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவே வந்துவிடுவார். அதன்பிறகு இரண்டு கோடுகளும் முழுக்க பிளேட் அம்பயருடையவை. பழைய ஞாபகத்தில் பேஸ் அம்பயரும் கையை உயர்த்தினால் ஒருவர் ஃபேர், இன்னொருவர் ஃபவுல். "ஃபவுல்" என்று கத்தியதும் ஆட்டக்காரர்கள் நின்றுவிடுவார்கள். எந்த ரன்னர் எதுவரை போயிருப்பார் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

உயரே அடித்த பந்துக்கும் பங்கு உண்டு. பேஸ் அம்பயர் உள்ளே நிற்கும்போது, இடது ஃபீல்டருக்கும் வலது ஃபீல்டருக்கும் இடைப்பட்ட பகுதி அவருக்கு. அவர்களில் ஒருவர் கோட்டை நோக்கி ஓடினால் அந்தக் கேட்ச் பிளேட் அம்பயருக்கு. ரன்னர் இல்லாதபோது வெளியே நிற்கும் பேஸ் அம்பயர், சிக்கலான கேட்சைப் பார்க்க அவுட்ஃபீல்டுக்கு ஓடினால், அங்கேயே இருந்துவிட வேண்டும். பேட்டர் எந்த பேஸுக்கு ஓடினாலும் பிளேட் அம்பயர் பார்த்துக்கொள்வார். பாதி வழியில் மனசு மாறித் திரும்பி ஓடி வந்தால் கேட்சும் போச்சு, ரன்னரும் போச்சு.

எனக்குப் பிடித்த சிக்கல் மூன்றாம் பேஸ். முதல் பேஸில் மட்டும் ரன்னர், வலது பக்கம் நல்ல ஹிட். ரன்னர் மூன்றாவதை நோக்கி வந்தால் அதைப் பிளேட் அம்பயர் ஓடி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வாயை மூடிக்கொண்டு ஓடி வந்தால் பேஸ் அம்பயரும் அங்கேயே திரும்புவார். பேட்டர் இரண்டாம் பேஸில் சறுக்கும்போது பார்க்க ஆளே இருக்காது. "தேர்ட் எனக்கு" என்ற ஒரு கத்தல் போதும். ஆனால் இரண்டாம் பேஸிலும் ரன்னர் இருந்தால் கதை வேறு. ரன் எடுக்க ஒருவர் வருகிறார், ஆகவே அந்த ஹிட்டில் பிளேட் அம்பயர் ஹோமை விட்டு நகரக் கூடாது. இரண்டு அவுட் ஆகியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: எங்கோ இன்னொரு ரன்னரைப் பந்தால் தொட்டு (டேக்) மூன்றாவது அவுட் எடுப்பதற்கு முன்பே ரன்னர் பிளேட்டைத் தொட்டாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் இரண்டு விரலைத் தட்டி இதை ஒருவருக்கொருவர் முன்கூட்டியே நினைவூட்டிக்கொள்வார்கள்.

செக் ஸ்விங்கில், அதாவது பேட்டர் மட்டையைச் சுழற்றத் தொடங்கிப் பாதியில் நிறுத்தும்போது, குறுக்கே வருவது கௌரவம். மட்டை சுழலவில்லை, 'பால்' என்று பிளேட் அம்பயர் சொன்ன பிறகு, பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் கேட்டால் பார்ட்னரிடம் கேட்டுவிடுவதே நல்லது.

இதற்கு நேர்மாறான தவறு, கேட்காமலே பார்ட்னரின் தீர்ப்பில் மூக்கை நுழைப்பது. தீர்ப்புச் சொன்னவர் கேட்டால் ஒழிய மற்றவர் அதை மாற்ற முயலக் கூடாது என்று விதியே சொல்கிறது. ஆனால் கேட்பதில் கூச்சம் வேண்டாம். 2004-இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் ஆறாவது ஆட்டத்தில் முதல் பேஸுக்கு ஓடிய நியூயார்க் பேட்டர் அலெக்ஸ் ரோட்ரிக்ஸ், பாஸ்டன் பிட்சர் பிரான்சன் அரோயோவின் கிளவ்வில் இருந்த பந்தைக் கையால் தட்டிவிட்டார். முதலில் சேஃப் (அவுட் இல்லை). பிறகு அம்பயர்கள் கூடிப் பேசினார்கள். இடையூறு என்று ரோட்ரிக்ஸ் அவுட், அந்த ஓட்டத்தில் ஹோமைத் தொட்டு ரன் எடுத்த டெரக் ஜீட்டர் மறுபடி முதல் பேஸுக்கு.

அப்படிக் கூடும்போது மேனேஜரையும் ஆட்டக்காரர்களையும் காது கேட்கும் தூரத்துக்குள் விடக் கூடாது. தீர்ப்பு மாறினால், முதலில் சொன்னவரே புதியதையும் அறிவிப்பது நல்லது.